தண்ணீர் வேண்டாம் என்ற முள்ளெலி

மரம் குறைந்து மணல் மிகுந்த ஒரு காட்டில் சுருளி என்ற முள்ளெலி வாழ்ந்து வந்தது. அந்தக் காட்டைத் தேரி என்பார்கள். கண்ணுக்கு எட்டிய வரை சிவப்பு மணல் மேடுகள்தான். ஆடிக் காற்று அடித்தால் அந்த மேடுகள் இடம் மாறும். போன வருடம் பள்ளமாக இருந்த இடம் இந்த வருடம் மேடாகிவிடும்.

தேரியின் நடுவே ஒரே ஒரு குட்டை இருந்தது. அதன் அடியிலும் கரையிலும் களிமண் படிந்திருந்தது. அதனால் மழைநீர் மணலுக்குள் இறங்கிவிடாமல் கோடை முடியும் வரை தேங்கி நிற்கும். அங்கிருந்த எல்லா உயிர்களுக்கும் அந்தத் தண்ணீர்தான்.

அந்தக் குட்டையைக் கோரையன் என்ற காட்டுப்பன்றி பிடித்து வைத்திருந்தது. அதற்கு உடம்பு பெரிது, தற்பெருமை அதைவிடப் பெரிது. காலையில் அது சேற்றில் ஆசை தீரப் புரண்டு எழுந்த பிறகே மற்ற விலங்குகள் கலங்கிய தண்ணீரைக் குடிக்கலாம். அதிலும், குடிப்பதற்கு முன் மூக்கு தரையில் படும்படி குனிந்து, "கோரையன் கருணையால் பிழைக்கிறோம்" என்று சொல்ல வேண்டும். சொல்லாதவருக்குத் தண்ணீர் கிடையாது.

இந்த வாசகத்தை யோசித்துக் கொடுத்தது நயவன் என்ற நரி. கோரையனுக்கு அதுதான் ஆலோசகர்.

மான் அந்த வாசகத்தைச் சொன்னது. மயிலும் தோகையை மடக்கிக்கொண்டு சொன்னது. பஞ்சி என்ற முயல் பயந்த சுபாவம் உடையது. சொன்னது கோரையன் காதில் விழவில்லையோ என்று அஞ்சி, இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் குடிக்கும்.

சுருளியும் அதுவரை சொல்லி வந்ததுதான்.

ஒரு கடும் கோடையில் கௌதாரி ஒன்று தன் குஞ்சுகளை அழைத்துக்கொண்டு குட்டைக்கு வந்தது. அப்போதுதான் ஓடப் பழகியிருந்த குஞ்சுகள். அவை குனியவும் இல்லை, வாசகம் சொல்லவும் இல்லை. தண்ணீரைக் கண்டதும் நேராக ஓடின. கோரையன் உறுமி அவற்றை விரட்டியது. தாய்க் கௌதாரி பதறிப்போய்த் தனக்காக ஒரு முறையும் ஒவ்வொரு குஞ்சுக்காக ஒரு முறையும் குனிந்து குனிந்து வாசகத்தைச் சொன்னது.

"குடிக்கப் போகிறவர்தான் சொல்ல வேண்டும்" என்றது கோரையன்.

வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசிக் குஞ்சு கால் துவண்டு மணலில் விழுந்தது. பிறகு அது எழுந்திருக்கவே இல்லை.

எல்லா விலங்குகளும் அதைப் பார்த்தன. பார்த்துவிட்டுத் தம் முறைக்காக மறுபடியும் வரிசையில் நின்றன. சுருளியின் முறை வந்தது. அது தண்ணீருக்கு அருகே போய் நின்றது. ஆனால் குனியவில்லை.

"சொல்" என்றது கோரையன்.

"மழை பெய்தது, குட்டை நிறைந்தது. இதில் உங்கள் கருணை எங்கே இருக்கிறது?" என்று கேட்டது சுருளி.

பன்றியின் பிடரி மயிர் சிலிர்த்து நின்றது. இனி இந்தக் குட்டையில் ஒரு சொட்டும் உனக்கு இல்லை என்று அது சுருளியிடம் சொன்னது. நாக்கு வறண்டதும் நீயே தவழ்ந்து வருவாய், அப்போது நான் சொல்லச் சொன்னதை ஊர் கேட்கச் சொல்வாய் என்றும் சொன்னது.

"வர மாட்டேன்" என்றது சுருளி. சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தது.

காட்டின் ஓரத்தில் ஒரு மணல் மேட்டின் அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தது சுருளி. அங்கே எதுவும் முளைப்பதில்லை என்பதால் யாரும் வருவதில்லை. பகலில் வளைக்குள் பதுங்கிக் கிடந்தது. வெயில் தாழ்ந்ததும் வெளியே வந்து கறையானையும் வண்டையும் தேடித் தின்றது. அவற்றின் உடம்பில் இருந்த ஈரமே அதற்குத் தண்ணீர். சில நாட்களில் அதுவும் போதவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்போதெல்லாம் குட்டையின் நினைவு வரும். கூடவே மணலில் விழுந்த குஞ்சின் நினைவும் வரும். சுருளி குட்டை இருந்த திசைக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்ளும்.

ஒருநாள் நரி போட்டுவிட்டுப் போன எச்சம் ஒன்று காய்ந்து கிடந்ததைச் சுருளி பார்த்தது. அதற்குள் இலந்தைக் கொட்டைகள் இருந்தன. ஒரு கொட்டை வாய்பிளந்து உள்ளே விதை தெரிந்தது. தேரிக்கு வெளியே எங்கோ நின்ற இலந்தைப் புதரில் நரி பழம் தின்றிருக்கிறது. கெட்டியான அந்தக் கொட்டை நரியின் வயிற்றுக்குள் ஊறி இளகியிருக்கிறது.

தேரியிலும் முன்பு இலந்தை இருந்தது. கிழங்குக்காகப் பன்றிகள் மண்ணைக் கிளறியதில் எல்லாப் புதர்களும் வேரோடு போய்விட்டன.

சுருளிக்குச் சிரிப்பு வந்தது. கோரையனின் ஆலோசகருடைய வயிற்றிலிருந்தே தனக்கு விதை கிடைத்திருக்கிறதே என்று நினைத்தது. கொட்டைகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போய் வளைக்குள் சேர்த்தது.

மேகம் கூடும் வரை காத்திருந்தது. மேட்டிலிருந்து மழைநீர் எந்த வழியாக இறங்கும் என்று பார்த்து, அந்த இடத்தில் குழி தோண்டியது. வருகிற தண்ணீர் ஓடிவிடாமல் நின்று இறங்குவதற்காகக் குழிக்குக் கீழ்ப்புறம் பிறை வடிவில் சிறு வரப்பு போட்டது. கொட்டைகளைப் புதைத்தது. மழை வந்தது. ஒரே ஒரு மழைதான். அதற்குப் பிறகு வானம் வெளுத்துவிட்டது.

சில கொட்டைகள் முளைத்தன. காற்று சிலவற்றை மூடியது, வெயில் சிலவற்றைக் கருக்கியது. ஒரு செடி மிஞ்சியது.

சுருளி அதன் அடியைச் சுற்றிக் கூழாங்கற்களை அடுக்கியது. கற்களுக்கு இடையில் காய்ந்த புல்லைச் செருகியது. மண்ணின் ஈரம் வெயிலில் பறந்துவிடாமல் அது காத்தது. பனிக்காலம் வந்ததும், சுருளி விடியலில் புல்லுக்குள் உருண்டு எழும். அதன் முள் ஒவ்வொன்றின் நுனியிலும் பனித்துளி நிற்கும். மெல்ல நடந்து வந்து செடியின் அடியில் உடம்பை உதறும்.

செடி கொஞ்சம் தலையெடுத்ததும் சுருளி அதையும் நிறுத்திவிட்டது.

அது சுருளிக்கு எளிதாக இல்லை. இலைகள் துவளுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியிருந்தது. ஆனால் மேலேயே தண்ணீர் கிடைத்தால் வேர் மேலேயே நின்றுவிடும். ஆடிக் காற்று அதைப் பிடுங்கி எறிந்துவிடும். வேர் ஈரத்தைத் தேடி ஆழத்துக்குப் போக வேண்டும் என்றால், செடி தாகத்தை அறிந்துதான் ஆக வேண்டும்.

கோடையில் செடி இலை முழுவதையும் உதிர்த்து வெறும் குச்சியாக நின்றது. அப்போது கோரையனுக்குத் தெரியாமல் முயல் பஞ்சி சுருளியைப் பார்க்க வந்தது.

"செத்துப்போய்விட்டதே அக்கா. உனக்கு ஏன் இந்த வீம்பு? வந்து ஒரே ஒரு முறை சொல்லிவிடேன்" என்றது பஞ்சி.

சுருளி தண்டை நகத்தால் லேசாகக் கீறிக் காட்டியது. பட்டைக்கு அடியில் பச்சையாக இருந்தது.

"சாகவில்லை. தாங்க முடியாததைக் கீழே போட்டுவிட்டு உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நானும் அப்படித்தான்" என்றது.

அடுத்த மழைக்குச் செடி துளிர்த்தது. ஒரு மான் வந்து நுனியைக் கடித்துவிட்டுப் போனது. சுருளி அன்று முழுவதும் வளையை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் கடிபட்ட இடத்துக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாகப் புதிய கிளைகள் வந்தன. செடி உயரமாகப் போவதை விட்டுப் புதராகப் படர்ந்தது. சுருளி காய்ந்த முட்கிளைகளை இழுத்து வந்து சுற்றிலும் வேலி போட்டது. பிறகு புதருக்கே முள் முற்றியது, வேலி தேவைப்படவில்லை.

ஆடிக் காற்று வந்தது. மற்ற மேடுகள் எல்லாம் நகர்ந்தன. சுருளியின் மேடு மட்டும் நகரவில்லை. பறந்து வந்த மணல் புதரில் மோதி அங்கேயே தங்கியது. புதர் பாதி மூடிப்போனது. மூடிய கிளைகளைத் தாண்டிப் புதிய கிளைகள் மேலே வந்தன.

இப்படிப் பருவங்கள் போயின. ஒரு தை மாதம் இலந்தை பழுத்தது.

முதலில் வந்தது அந்தக் கௌதாரிதான். அந்த வருடத்துக் குஞ்சுகளை அது முள்ளுக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தது. கீழே நிழல், தலைக்கு மேல் பழம். பருந்து வந்தாலும் உள்ளே நுழைய முடியாது. அடுத்து பஞ்சி வந்தது. மான் உதிர்ந்த இலையையும் பழத்தையும் தின்றது. யாரும் யாரையும் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. புளிப்பும் இனிப்புமான அந்தப் பழத்தைத் தின்றால் பாதித் தாகம் தீர்ந்துவிடும். தினமும் குட்டைக்குப் போனவை சில நாட்களுக்கு ஒருமுறை மட்டுமே போகத் தொடங்கின. போனபோதும் வாசகத்தை வாய்க்குள் முணுமுணுத்தன. சில விலங்குகள் அரைகுறையாகத்தான் குனிந்தன.

கோரையன் அதைக் கவனித்தது. உடனே போய் அந்தப் புதரை மிதித்து நாசமாக்கிவிட்டு வருகிறேன் என்று கிளம்பியது.

நயவன் வழியை மறித்தது. "மிதித்தால் மறுபடி துளிர்க்கும், தலைவரே. உங்களை எல்லாரும் வெறுப்பார்கள், அது வேறு. இலந்தை வறட்சியில் சாகாது. காலடியில் தண்ணீர் தேங்கி நின்றால்தான் சாகும். வேர் மூச்சு முட்டி அழுகிப்போகும். ஆகவே தண்ணீர் கொடுங்கள். நிறையக் கொடுங்கள். எல்லாரும் பார்க்கக் கொடுங்கள். புதர் செத்தால் உங்கள் மேல் பழி வராது. அதற்குள் முள்ளெலி உங்கள் தண்ணீரை வாங்கியவள் ஆகிவிடுவாள்."

கோரையனுக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துப்போனது.

மறுநாளே காடு முழுவதும் செய்தி போனது. கோரையன் மனம் இரங்கிவிட்டது, சுருளி மேல் இருந்த தடையை நீக்கிவிட்டது, இலந்தைப் புதருக்குக் குட்டையிலிருந்து வாய்க்கால் வெட்டப் போகிறது என்று நயவன் சொல்லிக்கொண்டே போனது. பன்றிக் கூட்டம் மணலைக் கிளறி வாய்க்காலைப் புதர் வரை கொண்டுவந்து நிறுத்தியது. குட்டையின் களிமண் கரையை உடைப்பது மட்டும்தான் பாக்கி. எல்லா விலங்குகளும் வாய்க்காலின் இருபுறமும் கூடின. பல விலங்குகளின் முகத்தில் மகிழ்ச்சி. இத்தனை நாள் பகை ஒரு வழியாகத் தீர்ந்தது என்று நினைத்தன.

"பழையதை மறந்துவிட்டேன், சுருளி. உன் செடிக்கு இனிமேல் என் குட்டையே சொந்தம். எடுத்துக்கொள்" என்றது கோரையன்.

"வேண்டாம்" என்றது சுருளி.

யாரும் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. தண்ணீரே இல்லாத காட்டில் தண்ணீரை வேண்டாம் என்று ஒருவர் சொல்லி அவை கேட்டதே இல்லை. இவ்வளவு திமிர் ஆகாது என்றது மயில். ஒரு பெரியவர் இறங்கி வரும்போது நாமும் இறங்கிப் போக வேண்டாமா என்று மான் கேட்டது. நயவன் மனம் நொந்தது போலத் தலையை ஆட்டியது.

பஞ்சி சுருளியின் அருகில் வந்து கெஞ்சியது. "வாங்கிக்கொள் அக்கா. நீ வாங்கிக்கொண்டால் நாங்கள் எல்லாரும் பயமில்லாமல் இருப்போம்."

சுருளி எல்லாரையும் பார்த்தது. தனக்குப் பிரியமானவர்களே தன்னைத் தனியே விட்டு எதிரே நிற்பது அதற்கு வலித்தது. குட்டையில் தடை விதித்த அன்றுகூட இப்படி வலிக்கவில்லை. ஆனாலும் அது நகரவில்லை.

"இந்தப் புதரின் வேர் எங்கே போயிருக்கிறது என்று எனக்கே தெரியாது. அது தானாகத் தேடிப் போன இடம் அது. இப்போது காலடியில் குளம் கட்டினால் அழுகிச் சாகும். இது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. இன்று இந்தத் தண்ணீரை நான் வாங்கினால், நாளை இந்த நிழலில் உட்காருகிற எல்லாரும் வாசகம் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு குஞ்சு செத்தது போதும். எனக்கு வேண்டாம்" என்றது.

தாய்க் கௌதாரி தலையைத் திருப்பிக்கொண்டது.

கோரையனின் பொறுமை அதோடு தீர்ந்தது. வேண்டாம் என்று சொல்ல நீ யார் என்று கத்தியபடி குட்டைக்குத் திரும்பி ஓடியது. மூக்கால் ஒரே முட்டு. களிமண் கரை உடைந்தது. தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்து வந்தது.

சுருளி வாய்க்காலின் முனையில், புதருக்கு முன்னால் போய்ப் படுத்தது. உடம்பைப் பந்தாகச் சுருட்டி, முள்ளையெல்லாம் விறைத்துக்கொண்டது. பின்னாலேயே ஓடி வந்த கோரையன் அதை மூக்கால் தள்ளப் பார்த்தது. மூக்கு நிறைய முள் குத்தியது. பன்றி அலறிக்கொண்டு பின்வாங்கியது. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சிறிய ஒன்றிடமிருந்து பின்வாங்குவதை எல்லா விலங்குகளும் முதன்முறையாகப் பார்த்தன.

தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஒரு முள்ளெலியின் உடம்பு வாய்க்காலை எத்தனை நேரம் அடைக்கும்?

பஞ்சி நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்கியபடியே வாய்க்காலுக்குள் குதித்தது. முதுகைத் தண்ணீருக்குக் காட்டிப் பின்னங்கால்களால் மணலை உதைக்கத் தொடங்கியது. கோரையன் உறுமியது. பஞ்சி கண்ணை இறுக மூடிக்கொண்டு உதைத்தது. கௌதாரி பறந்து வந்து காலால் மணலைச் சீய்த்தது. அதன் குஞ்சுகளும் சீய்த்தன. பிறகு மான் குளம்பால் மணலைத் தள்ளியது. வெட்கத்தோடு மயிலும் வந்து சேர்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாய்க்காலின் குறுக்கே மணல் அணை எழுந்துவிட்டது.

தேங்கிய தண்ணீர் வெகு நேரம் நிற்கவில்லை. தேரி மணல் தண்ணீரைக் குடித்தது. வந்ததையெல்லாம் குடித்தது. குட்டையைக் காத்துக்கொண்டிருந்தது அந்தக் களிமண் கரைதான். அதைக் கோரையனே உடைத்துவிட்டது. நிலைமை புரிந்து அது கரையை அடைக்க ஓடியபோது, குட்டையில் சேறு மட்டுமே மிச்சம் இருந்தது.

அந்தக் கோடை எல்லாருக்கும் கடினமான கோடைதான். ஆனால் மணலுக்குள் போன தண்ணீர் எங்கும் போய்விடவில்லை. பழைய வாய்க்கால் போன வழியில் பஞ்சி தோண்டிப் பார்த்தது. குழியில் ஈரம் கசிந்தது, சற்று நேரத்தில் தெளிந்த ஊற்றாகச் சுரந்தது. இன்னொரு இடத்தில் மான் தோண்டியது. அங்கும் ஊறியது. எங்கே தோண்டினாலும் கொஞ்சம் கிடைத்தது. மணலுக்கு அடியில் இருப்பதை யாரும் காவல் காக்க முடியவில்லை. கோரையனும் தாகம் எடுத்தபோது தானே மூக்கால் தோண்டித்தான் குடித்தது. அது குனிந்து தோண்டுவதை யாரும் கேலி செய்யவில்லை. அவரவருக்கு அவரவர் குழி தோண்டும் வேலை இருந்தது.

நயவன் மட்டும் மாறவில்லை. ஒருநாள் மாலை சுருளியிடம் வந்து பணிவாக நின்றது.

"இனி நீங்கள்தான் எங்கள் தலைவி. இந்தப் புதர் உங்கள் புதர். நிழலுக்கு வருகிறவர்கள் முதலில் உங்களுக்கு ஒரு வணக்கம் சொன்னால் நன்றாக இருக்கும். வாசகத்தை நான் எழுதித் தருகிறேன்" என்றது.

"வேண்டாம்" என்றது சுருளி.

பிறகு எல்லா விலங்குகளையும் அழைத்தது. புதருக்கு அடியில் சேர்ந்திருந்த இலந்தைக் கொட்டைகளை அவற்றின் முன்னால் தள்ளியது. எனக்கு யாரும் வணக்கம் சொல்ல வேண்டாம், ஆளுக்கொரு புதர் வளர்த்துக்கொள்ளுங்கள் என்றது. எப்படிக் குழி தோண்டுவது, எப்போது தண்ணீரை நிறுத்துவது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தது.

மேகம் கூடியது. முதல் மழை விழுந்தபோது, அந்தத் தேரியில் குழி இல்லாத மேடே இல்லை.

நீதி: கொடுக்க மறுத்தும் ஒருவரை அடிமையாக்கலாம், அள்ளிக் கொடுத்தும் அடிமையாக்கலாம், இரண்டுக்கும் பணியாதவரே சொந்தக் காலில் நிற்பார்.